கரை கண்ட பேரறிஞர் மைக்கேல் பாரடே

ஏரி என்றதும் நம் கண்முன் நிற்பது நீரே, கரையன்று. கரை இல்லையேல் ஏரியும் இல்லை என்பதை அது உடைந்த நாளிலேதான் ஊரார் உணர்கின்றனர். மின்சாரத்தின் நிலையும் இதுவே. மின்சாரம் ஓடுதற்குரிய செம்புக் கம்பியைப் பற்றிப் பேசுவார் பலர். அது வழிதவறி ஓடாவண்ணம் காத்து நிற்கும் பருத்தி, அரக்கு, கண்ணாடி, அப்பிரகம் முதலிய மின்காப்புப் பொருள்களைப் பற்றிச் சிந்திப்பார் மிகச் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கிலப் பேரறிஞர். காந்தத்திலிருந்து மின்சாரத்தைப் பிறப்பித்தவர் என்று அவரை உலகம் போற்றுகின்றது. அப்புகழின் நிழலில் மறைந்து கிடக்கும் மற்றொரு பெருமையையும் சேர்த்து, அவர்தம் வரலாற்றைச் சுருங்க உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று வினவுவாரும் இருப்பர். அதற்கொரு காரணம் உண்டு. எம் விடுதியில் அடுத்த அறையில் வாழும் இயற்பியல் மாணவர் மூவர், சென்ற ஆண்டு கலாசாலைக் கண்காட்சிக்கென ஒலிபெருக்கிக் கருவியொன்றைத் தம் கையாலேயே ஆக்க முற்பட்டனர். அதற்கு வேண்டிய மின்மாற்றியையும் தாமே சுற்றினர். டிரான்சிஸ்டர்களையும் மின்தேக்கிகளையும் கடைகடையாய் அலைந்து தேர்ந்து வாங்கியவர்கள், கம்பிச் சுருளின் அடுக்குகளுக்கு இடையே வைக்கவேண்டிய காப்புத் தாளுக்கு மட்டும் பழைய கணக்கு நோட்டைக் கிழித்துப் பயன்படுத்தினர். அது ஐப்பசி மாதம், அடைமழைக் காலம். தாள் ஈரத்தை உறிஞ்சியிருந்தது. கண்காட்சிக்கு முதல்நாள் இரவு கருவியை இயக்கிய சில நிமிடங்களில் புகை எழுந்தது; மூன்று வார உழைப்பும் கருகிற்று. இறைவன் அருளால் ஒருவர்க்கும் ஊறு நேர்ந்திலது. மறுநாள் அதனைப் பார்வையிட்ட ஆசிரியர் அவர்களைக் கடிந்துகொண்டாரல்லர்; பாரடே தம் முதல் வளையத்தைச் சுற்றியது எங்ஙனம் என்று படித்துவிட்டு வருமாறு மட்டும் பணித்தார். அவர்கள் நூல்நிலையத்திலிருந்து கொணர்ந்த நூல்களை யாமும் உடனிருந்து படித்தோம். அதன் பயனே இது.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் கொல்லுத் தொழிலர், உடல்நலம் குன்றியவர். தாயார் மார்கரெட். மக்கள் நால்வருள் மைக்கேல் மூன்றாமவர். 1801இல் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டியே அச்சிறுவருக்குரிய பங்காக இருந்தது என்பர். எழுதவும் படிக்கவும் சிறிது கணக்கிடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிவுற்றது. 1804இல் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவரிடமே ஏழாண்டுக் காலத்திற்குப் புத்தகம் கட்டும் தொழில் பயிலலானார்.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களைக் கட்டுவதோடு அமையாது படிக்கவும் செய்தார் அவ்விளைஞர். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய பகுதியும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. கையிலிருந்த சில்லறைக் காசைக் கொண்டு, கண்ணாடியைத் தேய்த்து மின்சாரம் உண்டாக்கும் சிறு பொறியொன்றைத் தாமே அமைத்தார். மின்சாரத்தைத் தன்னூடு செல்லவிடாத கண்ணாடியே அவர் கையில் முதன்முதல் மின்சாரத்தைத் தந்தது என்பது கருதத்தக்கது. மாலை வேளைகளில் நடைபெற்ற அறிவியற் சொற்பொழிவுகட்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷில்லிங் கட்டணம். அதனைக் கொடுத்துதவியவர் தந்தையைப்போலவே கொல்லுத் தொழில் புரிந்த தமையனார் ராபர்ட்.

1812இல் கடைக்கு வரும் அன்பர் ஒருவர், ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் கழகத்தில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்க அனுமதிச் சீட்டுகள் வழங்கினார். பாரடே அவற்றைக் கேட்டு, விரிவாகக் குறிப்பெழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே அழகுறக் கட்டி டேவிக்கு அனுப்பினார். புத்தகம் கட்டக் கற்ற கை வீண்போகவில்லை. 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். வாரத்திற்கு 25 ஷில்லிங் ஊதியம். குடியிருக்க மேன்மாடத்தில் இரண்டு அறைகள். குப்பிகளைக் கழுவுவதில் தொடங்கிய அப்பணி, பின்னர் அக்கழகத்தின் ஆய்வுக்கூடத் தலைமையாக வளர்ந்தது.

1821இல் சாரா பார்னார்டு என்னும் நங்கையை மணந்தார். இருவரும் சாண்டிமானியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். அச்சபையில் பாரடே மூப்பராகவும் இருந்தார். செல்வம் சேர்த்தலை அச்சபையார் நன்றென எண்ணார். தொழில் முறையில் ஆலோசனை கூறிப் பெரும்பொருள் ஈட்டும் வாய்ப்பு வந்தபோதும் அதனைப் பெரும்பாலும் விலக்கி, ஆராய்ச்சியையே பாரடே பற்றிக்கொண்டமைக்கு இந்நம்பிக்கையும் ஒரு காரணம் எனலாம்.

இனி, அவரைப் புகழின் உச்சியில் ஏற்றிய நாளுக்கு வருவோம். அது 1831ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள். 7/8 அங்குலத் தடிப்புள்ள தேனிரும்பை 6 அங்குல விட்டமுடைய வளையமாக்கி, அதன் ஒரு பாதியில் ஒரு தொகுதிச் செம்புச் சுருள்களையும் மறு பாதியில் வேறொரு தொகுதியையும் பாரடே சுற்றியிருந்தார். காப்பிட்ட கம்பி இன்றுபோல் கடையில் எளிதிற் கிடைத்த காலம் அன்று அது. ஆதலின் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே முறுக்கு நூலை ஓடவிட்டார். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே நம் கோழிக்கோட்டின் பெயரால் வழங்கும் காலிகோ என்னும் பருத்தித் துணியைச் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்தபோது, அதனோடு யாதொரு தொடர்பும் அற்ற மறு சுருளின் அருகிலிருந்த காந்த ஊசி ஒருகணம் அசைந்து அடங்கிற்று. இணைப்பை நீக்கியபோது மீண்டும் அசைந்தது. இன்று உலகெங்கும் உள்ள மின்மாற்றிகட்கெல்லாம் மூதாதை அவ்வளையமே.

அந்த ஊசியின் அசைவை வியந்து பேசுவார் அந்தத் துணியை மறந்துவிடுகின்றனர். இரு சுருள்களும் எங்கேனும் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், மின்கலத்தின் மின்சாரமே கசிந்து ஊசியை அசைத்தது என்று எவரும் கூறியிருக்கலாம். காப்பு நம்பத்தக்கதாயிருந்தமையாலேதான் அசைவும் நம்பத்தக்கதாயிற்று. மற்றொன்றும் அறிதற்பாலது. நூலும் துணியும் அவ்வளையத்திற்குப் போதியனவாயிருந்தது ஏன்? அவர் கையாண்ட மின்னழுத்தம் சிறிது, வளையமும் வெப்பமடையவில்லை. அதே துணியை 230 வோல்ட்டு மின்மாற்றியில் வைத்தால் போதாது. எதைக் காக்கிறோம், எதனினின்று காக்கிறோம் என்று அறிந்தபின்னரே எதனாற் காப்பது என்பதைத் துணியவேண்டும்.

பாரடே இவ்வெற்றியோடு நின்றாரல்லர். கம்பி மின்சாரத்தைக் கடத்துகின்றது. காப்புப் பொருள் கடத்தவில்லை. ஆயின் அக்காப்புப் பொருள் யாதொரு தொழிலும் இன்றி வாளா கிடக்கின்றதா என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. மின்னூட்டம் பெற்ற இரண்டு பொருள்கள், இடையிலுள்ள வெளியைத் தாண்டி நேரே ஒன்றையொன்று தாக்குகின்றன என்பதே அக்காலத்து அறிஞர் பெரும்பாலாரின் கொள்கை. இடையில் இருப்பது காற்றாயினும் கண்ணாடியாயினும் அவர்கட்கு ஒன்றே. பாரடேக்கு அது மனங்கொள்ளவில்லை.

1837இல் ஒரே அளவுடைய இரண்டு கருவிகளைச் செய்வித்தார். ஒவ்வொன்றும் ஒரு பித்தளைக் கோளத்தினுள் மற்றொரு சிறு பித்தளைக் கோளம் தொடாமல் நிற்குமாறு அமைந்தது. உட்கோளத்தைத் தாங்கி நின்றது அரக்குத் தண்டு. நம் நாட்டு மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் ஆக்கும் அரக்கினின்று பெற்ற பொருளே அது. மின்காப்புக்கு அந்நாளில் அதனினும் சிறந்தது அரிது. இரு கருவிகளினுள்ளும் காற்றே இருந்தபோது, ஒன்றிலுள்ள மின்னூட்டத்தை மற்றொன்றோடு பகிர்ந்தால் அது சரிபாதியாகப் பிரிந்தது. ஒன்றன் இடைவெளியில் அரக்கையோ கந்தகத்தையோ கண்ணாடியையோ வைத்தபோது பங்கு சமனாகவில்லை. அப்பொருளை உடைய கருவியே மிகுதியாகக் கொண்டது. கணக்கிட்டுப் பார்த்தபோது, காற்றை நோக்க அரக்கின் கொள்திறன் ஏறக்குறைய 2 மடங்கு என்றும், கந்தகத்தினது அதனினும் சற்று மிகுதி என்றும் கண்டார். காவெண்டிஷ் என்னும் அறிஞர் இவ்வேற்றுமையை முன்னரே அளந்திருந்தார். ஆயினும் அவருடைய குறிப்புகள் 1879 வரை அச்சேறவில்லை. பாரடே தாமாகவே கண்டு உலகிற்கு அறிவித்தார்.

இதனாற் பெறப்படுவது யாது? காப்புப் பொருள் வாளா கிடப்பதன்று. மின்விசை அதன் துகள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பிடிக்கின்றது. துகள்தோறும் ஒரு புறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் தலைகாட்டுகின்றன. ஏரிக்கரையின் மண் ஒவ்வொன்றும் நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்றல்போல, காப்பின் ஒவ்வொரு துகளும் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றது. அளவு மீறினால் கரை உடைவதுபோல் காப்பும் உடைகின்றது. இத்தகைய பொருள்கட்கு டைஎலெக்ட்ரிக் என்னும் புதுப்பெயரையும் பாரடே வழக்கிற் கொணர்ந்தார். கணிதம் பயிலாத அவர் கண்ட இக்காட்சியைப் பின்னர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணித மொழியில் எழுதினார். வானொலிக்கு அடிப்படையான கொள்கை அதிலிருந்தே முளைத்தது.

ஓயா உழைப்பினால் 1839ஆம் ஆண்டளவில் பாரடேயின் உடல் தளர்ந்தது. நினைவாற்றல் குறைந்தது; சில ஆண்டுகள் பேராய்வு எதுவும் இயலாதாயிற்று. தேறி எழுந்தபின் அவர் கைக்கு வந்த பொருள்களுள் ஒன்று கட்டாபெர்ச்சா. அது மலேயா நாட்டு மரமொன்றின் பால் உறைந்து ஆவது. வெந்நீரில் இளகி, ஆறினால் இறுகுவது. 1848இல் அதன் காப்பியல்பை ஆராய்ந்து பாரடே எழுதிய கட்டுரை சிறியதே; ஆயினும் பொருள்களைத் தேர்வார்க்கு இன்றும் பாடமாவது. பெயர் ஒன்றே எனினும் துண்டுகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்று அவர் கண்டார். சில துண்டுகள் அரக்கைப்போலவே நன்கு காத்தன. சிலவற்றில் மின்சாரம் கசிந்தது. கசிவுக்குக் காரணம் உள்ளே தங்கிய ஈரம். அத்தகைய துண்டை வெப்பக் காற்றில் இளக்கி, இழுத்தும் மடித்தும் பிசைந்து ஈரத்தைப் போக்கியபோது அதுவும் நற்காப்பு ஆயிற்று. எம் நண்பர்தம் நோட்டுத் தாள் பிழைத்தது எங்கே என்பது இப்பகுதியைப் படித்த அன்றே எமக்கு விளங்கிற்று.

கடல்நீரால் கெடாத அப்பொருளைச் செம்புக் கம்பியின்மேல் போர்த்துக் கடலடியிற் செய்தி அனுப்பலாம் என்னும் எண்ணம் விரைவில் செயலாயிற்று. 1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இட்ட முதற் கம்பி உடனே அறுந்தது. 1851இல் இரும்புக் கம்பிகளால் கவசமிட்டு மீண்டும் இட்டது நிலைத்தது. ஆயின் புதியதோர் இடர் தோன்றிற்று. நீண்ட கம்பிகளில் செய்தி தயங்கித் தயங்கிச் சென்றது. தெளிவாக அனுப்பிய குறிகள் ஒன்றோடொன்று கலந்து மங்கி வந்தன. காரணம் அறியாது பொறியாளர் மயங்கினர்.

காரணத்தை உரைத்தவர் பாரடே. 1853இல் கட்டாபெர்ச்சாத் தொழிற்சாலையில் 100 மைல் நீளக் கம்பியை நீரில் மூழ்கவைத்துச் சோதனை நடைபெற்றது. அதனை மின்கலத்தோடு இணைத்துப் பின்னர் விலக்கிய பிறகும், கம்பியினுள் மின்சாரம் தேங்கியிருந்தது. ஒருமுறை ஏற்றியதிலிருந்து 40 அதிர்ச்சிகள் வரை விட்டுவிட்டுப் பெறமுடிந்தது. 1854 ஜனவரியில் தாம் ஆற்றிய சொற்பொழிவில் பாரடே இதனை விளக்கினார். உள்ளே செம்பு, வெளியே நீர், இடையே காப்பு. இது கம்பி மட்டுமன்று. 100 மைல் நீளமுள்ளதொரு லெய்டன் ஜாடி. அச்செம்பின் மேற்பரப்பு மட்டும் ஏறக்குறைய 8,300 சதுர அடி. இத்துணைப் பெரிய ஜாடி நிறைந்த பின்னரேதான் மறுமுனையில் குறி முழுதாக வெளிப்படும். நிலத்தடியில் 1,500 மைல் சென்ற கம்பியில் இத்தயக்கம் ஏறக்குறைய 2 விநாடியாக இருந்தது. 17 ஆண்டுகட்கு முன் கந்தகத்தையும் அரக்கையும் வைத்து அவர் செய்த ஆராய்ச்சி, கடலடிக் கம்பிகளின் தலைவிதியைக் கூறும் சாத்திரமாயிற்று.

அதனை மதியாதார் பட்ட பாட்டையும் கூறுவோம். 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் மாகடலின் குறுக்கே கம்பி இட்டு முடிந்தது. விக்டோரியா அரசியார் விடுத்த 98 சொற்களையுடைய வாழ்த்துச் செய்தி போய்ச்சேர 16 மணி நேரம் ஆயிற்று. மின்னழுத்தத்தை உயர்த்தினால் வேகம் கூடும் என்று கருதிய பொறுப்பாளர் ஏறக்குறைய 2,000 வோல்ட்டு அழுத்தத்தைச் செலுத்தினார். முன்னரே குறைபாடுகள் மலிந்திருந்த காப்பு அதனைத் தாங்கவில்லை; சில வாரங்களிற் கம்பி ஊமையாயிற்று. வில்லியம் தாம்சன் முதலியோர் பாரடேயின் கருத்தைக் கணக்கிட்டு வகுத்து, காப்பைத் தடிப்பாக்கி, நுண்கருவிகளைக் கொண்டு, 1866இல் வெற்றி கண்டனர். கட்டாபெர்ச்சா போர்த்த இவ்வகைக் கம்பியே 1870-71இல் நம் சென்னையினின்று பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் இடப்பெற்றது.

1866இன் வெற்றியைப் பாரடே உயிரோடிருந்து கேட்டார். ஆயின் அப்போது அவர் முதுமையால் மிகத் தளர்ந்திருந்தார். வீரத் தகைமைப் பட்டத்தையும் ராயல் கழகத் தலைமையையும் வேண்டாவென மறுத்த அவருக்கு, அரசியார் 1858இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் குடியிருக்க இல்லம் அளித்திருந்தார். அங்கே 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்தவாறே அமைதியாக உயிர் நீத்தார். பேரரசர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அல்லாது, ஹைகேட் இடுகாட்டில் எளிய கல்லறையில் அடக்கம் செய்யப்பெற்றார். 1881இல் பாரிசிற் கூடிய அறிஞர் பேரவை, மின்கொள்திறனின் அலகுக்குப் பாரட் என்று அவர் பெயரையே சூட்டிற்று. கொல்லர் மகனின் பெயர் கருவிகள்தோறும் நிலைபெறலாயிற்று.

இவ்வரலாறு கருவி ஆக்கும் நண்பர்கட்குக் கூறுவன சில. காப்பைத் தேர்கையில் முதற்கண் மின்னழுத்தத்தை நோக்குக. உலர்ந்த காற்றே 1 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட்டு தாங்கும், ஆயின் தூசும் ஈரமும் படிந்த பரப்பின்மேல் அதனிற் பன்மடங்கு குறைந்த அழுத்தத்திலும் மின்சாரம் ஊர்ந்து செல்லும். இரண்டாவதாக வெப்பத்தை நோக்குக. வார்னிஷில் தோய்க்காத தாளும் பருத்தியும் 90 பாகை செல்சியஸ் வரையிலும், தோய்த்தவை 105 பாகை வரையிலுமே பணிக்குத் தகும், சிறந்த வகைகள் 180 பாகைவரை நிற்கும், சாதாரண பி.வி.சி. உறை 70 பாகைக்கு மேல் நம்பத்தக்கதன்று. வெப்பம் செல்லவேண்டும், மின்சாரம் செல்லலாகாது என்னும் இடத்தில், டிரான்சிஸ்டருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே, மெல்லிய அப்பிரகம் உதவும். மூன்றாவதாக ஈரத்தை அஞ்சுக. நான்காவதாக, அதிர்வெண் மிக்க சுற்றுகளில் காப்பின் கொள்திறனை மறவாதிருக்க. 1933இல் கண்டறியப்பெற்றுக் கட்டாபெர்ச்சாவின் இடத்தைப் பின்னர்க் கைக்கொண்ட பாலிஎத்திலீனுக்கு அது 2.3, டெஃப்லானுக்கு 2.1; அச்சிட்ட மின்சுற்றுப் பலகைக்கோ 4-க்கும் மேல். அன்று மாகடலிற் செய்தியைத் தயங்கச்செய்த குணமே இன்று நம் மேசைமேல் உள்ள சிறு பலகையிலும் ஒளிந்து நிற்கின்றது.

எம் நண்பர்கள் இவ்வாண்டு தம் மின்மாற்றியை மீண்டும் சுற்றினர். அடுக்குகளின் இடையே பாலியெஸ்டர்ச் சுருள்தாளை வைத்து, நன்கு உலர்த்தி, வார்னிஷில் தோய்த்து, மீண்டும் உலர்த்தினர். ஆசிரியர் முன்னிலையில் காப்பை அளந்து சரிபார்த்த பின்னரே மின்சாரத்தை இணைத்தனர். கருவி பாடிற்று, கண்காட்சிக்கு வந்தோர் கேட்டு மகிழ்ந்தனர். அப்பாட்டைக் கேட்டவருள் உள்ளே கிடந்த சுருள்தாளை நினைத்தவர் எவரும் இலர். அதுவே அதற்குரிய சிறப்பு. உள்ளே ஒவ்வொரு மின்தேக்கியின் மீதும் இத்தனை மைக்ரோபாரட் என்று பொறித்திருந்ததை யாம் மட்டும் ஒருமுறை படித்துப் பார்த்து, கரை கண்ட அப்பேரறிஞரை நினைந்துகொண்டோம்.